லிஸ்பனில் யார் இருக்கா?

"அங்க ஆரு இருக்கா?"

லிஸ்பனுக்குப் போகப்போகிறோம் என்று சொன்னதும் ரஹ்மத் லாத்தா கேட்ட முதல் கேள்வி இதுதான். லாத்தா, அதாவது அக்கா, காயல்பட்டினத்துக்காரி, ஷார்ஜா முவைலாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே அவர் வீட்டுக்காரர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். நான் மோர் வாங்கப் போனவள், பாட்டிலைக் கையில் பிடித்தபடி, "யாருமில்ல லாத்தா" என்றேன்.

"தம்பி, தங்கச்சி? சொக்காரங்க?"

"ஒருத்தருமில்ல."

"பின்னே எதுக்கும்மா போறீங்க?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வளைகுடாவில் இருக்கிற எங்களுக்கு லீவு என்றால் ஊர். ஊர் என்றால் ஏர்போர்ட் வாசலில் ஒரு வேன், வேன் நிறைய சொந்தக்காரர்கள். முதலில் யார் வீட்டில் சாப்பாடு என்ற சண்டை வேன் கிளம்புவதற்கு முன்பே கிளம்பிவிடும். அப்புறம் கல்யாணம், ஞானஸ்நானம், பாதிரியார் வந்து புது வீட்டை ஆசீர்வதிக்கிற வீடு மந்திரிப்பு, ஆஸ்பத்திரியில் கிடக்கிற பெரியப்பா. லீவு முடிந்து திரும்பி வரும்போது விமானத்தில் உட்கார்ந்து, "அப்பாடா, நாளைக்கு டியூட்டி" என்று சந்தோஷப்படுகிற ஜனம் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மிக்கேல் பர்னாந்து புஜைராவில் எண்ணெய் டாங்கிகள் இருக்கிற ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். வாரமெல்லாம் அங்கே கேம்பில் இருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் முவைலா வந்து, ஞாயிற்றுக்கிழமை துணியை அயர்ன் பண்ணிக்கொண்டு திரும்பிவிடுவார். நான் இங்கே ஒரு ஸ்கூல் பஸ்ஸில் நானி. பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, பெல்ட் மாட்டுவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, தூங்கிப்போனதுகளைத் தட்டி எழுப்புவது, எல்லாம் என் இலாகா. ஒரே பையன், படித்து முடித்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான்.

இவருடைய கான்ட்ராக்ட் இந்த வருஷக் கடைசியோடு முடிகிறது. அதற்கப்புறம் மூட்டையைக் கட்டித் தூத்துக்குடிதான். ஆக இந்த ஜூலை லீவுதான் கடைசி லீவு. இதையும் ஊரில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டால், நானும் இவரும் மட்டுமாக ஓர் இடத்துக்குப் போனோம் என்று சொல்ல இந்த ஜென்மத்தில் ஒன்றும் இருக்காது. கல்யாணமான புதிதில் வேளாங்கண்ணிக்குப் போனோம், இல்லையென்று சொல்லவில்லை. கூடவே மாமியார், மைனி, மைனியின் பிள்ளைகள், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்.

எத்தனையோ ஊர் இருக்க லிஸ்பன் எதற்கு என்றால், எனக்கு அதன் படிக்கட்டுத் தெருக்களும் மஞ்சள் டிராமும் பிடித்துப்போயின. சமைக்கும்போது போனில் பார்த்துப் பார்த்து ரெண்டு தடவை ரசத்தைப் பொங்கவிட்டேன். இவரிடம் காட்டியபோது, "மீன் கிடைக்குமாட்டி?" என்று மட்டும் கேட்டார். கடற்கரைப் பட்டணம், தெருவிலேயே மத்தி சுடுகிறார்கள் என்று வீடியோவை நிறுத்திக் காட்டினேன். உடனே சரி என்றுவிட்டார். அதுபோக, பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் எங்கள் கரைக்கு வந்து, எங்களுக்குப் பர்னாந்து என்று பேர் வைத்து, மேசை, ஜன்னல் என்ற வார்த்தைகளையும் கொடுத்துவிட்டுப் போனவர்கள். வந்தபோது அவர்களிடம் யாரும் அப்பாயின்ட்மென்ட் கேட்கவில்லை. பேங்க் ஸ்டேட்மென்டும் கேட்கவில்லை. பதில் மரியாதைக்கு ஒரு தடவை நாம் போய்ப் பார்க்க வேண்டாமா?

பஸ்ஸில் என் முன் சீட்டில் உட்காருகிற தியா, ரெண்டாம் வகுப்பு, விஷயத்தைக் கேட்டுவிட்டு இங்கிலீஷில் சொன்னாள்: "ஆன்ட்டி, நாங்க போன வருஷமே போயிட்டோம். ஒரே ஏத்தம். எனக்குக் கால் வலிச்சுது. ஆனா கஸ்டர்ட் டார்ட் சூப்பர்." ஏழு வயசுக் கழுதைக்கு லிஸ்பன் அலுத்துப்போயிருக்கிறது! அவளுக்கு பெல்ட்டை ஒரு பிடி கூடவே இறுக்கி மாட்டினேன்.

வில்லங்கம் ஒரு சனிக்கிழமை வந்தது. மத்தியானம் இவர் போன் பண்ணி, "லீமா, லீவு சாங்ஷன் ஆயிட்டு!" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மீன் குழம்பைக் கொதிக்கவிட்டுச் சமையல்கட்டில் தனியாக ஒரு சுற்று ஆடினேன். குழம்பு இறக்குவதற்குள் அடுத்த போன். தூத்துக்குடியிலிருந்து ரோஸ் மைனி, இவருடைய அக்கா.

"ஏட்டி லீமா, தேதி குறிச்சாச்சு! ஆன்சிக்கு நிச்சயம். உங்க லீவுல ரெண்டாவது ஞாயித்துக்கிழம. ஹாலுக்குச் சொல்லியாச்சு, சாமியார்ட்டயும் சொல்லியாச்சு."

ஆன்சி மைனியின் மகள். எங்கள் வீட்டு வழக்கம் தெரிந்தவர்களுக்குத்தான் இது புரியும். அங்கே எந்த விசேஷத்துக்கும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, மிக்கேலின் லீவைத்தான் பார்ப்பார்கள். லீவு சாங்ஷன் ஆன அந்த நிமிஷமே இவர் அக்காவுக்குப் போன் போட்டுத் தேதியைச் சொல்லிவிடுவார். இருபத்தாறு வருஷமாக நடப்பது. இந்தத் தடவை ஊருக்குப் போகவில்லை என்பது இவருக்கும் தெரியும், ஆனால் இவர் விரலுக்குத் தெரியவில்லை. அதுபாட்டுக்கு அக்கா நம்பரை அமுக்கிவிட்டது.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். "எனக்குச் சொல்லுமுன்ன அவியட்ட சொன்னீயளா, பொறவு சொன்னீயளா?"

"முன்னதான்" என்றார் பாவம், பொய் சொல்லவும் தெரியாமல். "வாய் தானா சொல்லிட்டுட்டி."

"வாய் தானா சொல்லிச்சுன்னா அதே வாய் தானா இல்லன்னும் சொல்லட்டும்."

"சொல்லுதேன். நான் சொல்லுதேன். நீ சும்ம இரி."

இந்த 'நான் சொல்லுதேன்'-ஐ எனக்குத் தெரியும். இவர் எண்ணெய் டாங்கியின் மேலே ஏறி நின்று காற்றைப் பார்த்துப் பயப்படாத மனுஷன். அக்காவிடம் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பா இல்லாத வீட்டில் அக்காதான் கருவாட்டுக்கடை வைத்து இவரைப் படிக்கவைத்தார், இந்த வேலைக்கும் அனுப்பினார். மைனி ரொம்ப நல்லவர், அதுதான் எனக்குத் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

ஞாயிறு போனது. சொல்லவில்லை. திங்கட்கிழமை துபாயில் விசா அப்பாயின்ட்மென்ட்.

ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குக் காலையில் போவது தனிப் பயணக் கட்டுரைக்குத் தாங்கும். கூப்பிடு தூரம்தான், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் ரோட்டில் இறங்கிக் கூப்பிட்டால் எப்படி? பஸ்ஸில் பெண்களுக்கு முன் சீட், ஆண்களுக்குப் பின் சீட். எங்களுக்கோ ரெண்டு நாள் சண்டை பாக்கி இருந்தது. அதனால் நான் முன்னாலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், இவர் பின்னாலிருந்து பதில் அனுப்பினார். ஒரே பஸ்ஸுக்குள் வாட்ஸ்அப்பில் சண்டை போட்ட தம்பதி நாங்களாகத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேரளத்து நர்ஸ் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சேச்சி, நாத்தனார் பிரச்சினையா?" என்று கேட்டாள். நான் தலையாட்டியதும், "எனக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

விசா சென்டரில் கவுன்டருக்குப் பின்னால் ஒரு பிலிப்பினோப் பெண். இவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பர்னாந்தா? நீங்கள் போர்ச்சுகீசியரா சார்?"

"இல்ல, தூத்துக்குடி" என்றார் இவர்.

அவள் தன் சட்டையில் குத்தியிருந்த பேரைக் காட்டினாள். சான்டோஸ். "எங்கள் கதையும் அதேதான். உங்களுக்குப் போர்ச்சுகல் கப்பல், எங்களுக்கு ஸ்பெயின் கப்பல்." அந்த நிமிஷம் எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த நிமிஷம் அவள் கேட்டாள்: "லீவுக்கு எங்கே போகிறீர்கள் சார்?"

இது சும்மா வழக்கமாகக் கேட்கிற கேள்வி. எதிரே போர்ச்சுகல் விண்ணப்பம் விரித்துக் கிடக்கிறது. இவர் நெஞ்சை நிமிர்த்தி, இருபத்தாறு வருஷமாக எல்லா ஏர்போர்ட்டிலும் சொன்ன பதிலைச் சொன்னார்: "ஊருக்கு மேடம். ஹோம். இந்தியா."

இவர் காலை மிதித்தேன். "இல்லை இல்லை, போர்ச்சுகல்" என்று நான் குறுக்கே விழ, அவள் கம்பெனி கொடுத்த லீவு கடிதத்தைத் திருப்பி எங்களிடமே காட்டினாள். 'இந்தியா செல்வதற்காக விடுப்பு வழங்கப்படுகிறது.' கம்பெனிக்கும் அதே பழக்கம். யாருமே அதை வாசித்துப் பார்க்கவில்லை. லீவு கடிதத்தில் வாசிக்க என்ன இருக்கிறது என்று மடித்துப் பையில் வைத்தவர்கள் நாங்கள்.

"மேடம், இதை வாங்க முடியாது. போர்ச்சுகல் என்று எழுதிய கடிதம் வியாழக்கிழமைக்குள் வேண்டும். தவறினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் உங்கள் லீவு முடிந்தபிறகுதான்." அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். இவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தத்தோடு வருத்தமாக அங்கே கொஞ்சம் நிம்மதியும் தெரிந்தது. விசா கிடைக்காவிட்டால் அக்காவிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? எனக்கு வந்ததே கோபம். "நாளைக்குப் புஜைராவுக்கு நானும் வாரேன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஷார்ஜாவிலிருந்து புஜைரா பஸ். ஊர் தாண்டி, மணல் தாண்டி, மலைகள் தொடங்கும். ஒரு புல் முளைக்காத மலை, வெயிலில் வேகவைத்த கிழங்குபோல் வெடித்துக் கிடக்கும். இத்தனை வருஷத்தில் இந்தப் பாதையில் நான் வந்தது கொஞ்சம்தான், இவருக்கோ வாராவாரம். "அந்தா பாரு, அந்த வளைவுல ஆடு நிக்கும்" என்றார். நின்றது. "இந்தத் திருப்பத்துல எனக்கு எப்பவும் தூக்கம் வரும்" என்றார். தூங்கிவிட்டார்.

மசாஃபியை நெருங்கும்போது பஸ் ஒரு முனகல் முனகி நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, கையை விரித்து, "கலாஸ்" என்றார். அரபியில் 'முடிந்தது'. வேறு பஸ் வரும் என்றார், எப்போது என்று கேட்டதற்கு மேலே கையைக் காட்டினார். ரோட்டோரத்தில் பானையும் கம்பளமும் மாம்பழமும் விற்கிற கடைகள் இருந்தன. இவர் மாம்பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "நம்ம ஊரு கிளிமூக்கு இதுக்கு..." என்று ஆரம்பித்தவர், நான் முறைத்ததைப் பார்த்து நிறுத்திவிட்டார். கடைசியில் புஜைராவுக்குக் காலியாகத் திரும்பிய ஒரு டாக்ஸியைக் கைகாட்டினோம்.

டிரைவர் ஒரு பட்டாணியர். தாடியும் சிரிப்புமாக இருந்தார். ரெண்டு நிமிஷத்தில் எங்கள் கதை முழுவதையும் வாங்கிவிட்டார். லிஸ்பன் என்றதும் ஸ்டியரிங்கைத் தட்டினார். "லிஸ்பனா? என் சித்தப்பா மகன் அங்கேதான் இருக்கிறான் பெஹன்! சைக்கிளில் சாப்பாடு கொண்டு கொடுக்கிறான். இப்பவே போன் போடுகிறேன். ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப்போவான், ரொட்டி கறி எல்லாம் அவன் ரூமிலேயே."

"வேண்டாம் பாய்" என்றேன்.

"அதெப்படி? விருந்தாளி வந்து இறங்கும்போது வாசலில் ஆள் நிற்கவில்லை என்றால் எங்களுக்கல்லவா அவமானம்?"

போனில் நம்பரைத் தேடத் தொடங்கிவிட்டார், வண்டி மலை வளைவில் போய்க்கொண்டிருக்கிறது. இவரோ "நம்பரக் குடுக்கட்டுமேட்டி, ஒரு ஆத்திர அவசரத்துக்கு" என்கிறார். நான் பஸ்ஸில் பிள்ளைகளை அடக்குகிற குரலை எடுத்தேன். "பாய்! போனைக் கீழே வையுங்கள்! ரோட்டைப் பாருங்கள்!" வைத்துவிட்டார். இறக்கிவிடும்போது மட்டும் வருத்தத்தோடு, "யாருமில்லாத ஊருக்குப் போகிறீர்களே, அல்லா துணையிருக்கட்டும்" என்று ஆசீர்வாதம் பண்ணினார்.

கம்பெனி ஆபீசில் ஹெச்.ஆர். பார்க்கிறவர் ஹைதராபாத் இம்தியாஸ் பாய். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்கள் மிக்கேல் பாய், உங்கள் பேரைப் போட்டதும் சிஸ்டமே இந்தியா என்று எடுத்துக்கொள்கிறது. லீவுக்கு எல்லாரும் ஊருக்குத்தானே போவார்கள்? வேறு நாடு போட மேனேஜர் சொல்ல வேண்டும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆமா, அங்கே யார் இருக்கிறார்கள்?" என்றார்.

மேனேஜர் எகிப்துக்காரர். பெரிய உடம்பு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மரியாதையாகத்தான் நடத்தினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு இவரிடம் சொன்னார்: "மிக்கேல், உன் கடைசி லீவு. வீட்டுக்குப் போ. போர்ச்சுகலில் உனக்கு யார் இருக்கிறார்கள்?"

இவர் டீயைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, பாதி இங்கிலீஷும் பாதி இந்தியுமாக வெடித்துவிட்டேன்.

"யாருமில்லை சார்! அதனால்தான் போகிறோம்! எங்களுக்கு எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறார்கள். ஊரில் இருக்கிறார்கள், முவைலாவில் இருக்கிறார்கள், இவர் கேம்பில் ரூமுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கல்யாணமாகிப் பாதிக் காலம் நான் ஊரில், இவர் இங்கே. மீதிக் காலம் இவர் மலைக்கு அந்தப்பக்கம், நான் இந்தப்பக்கம். லீவு வந்தால் வீடு நிறைய சொந்தம். இந்த மனுஷனோடு பத்து நாள் தனியாக உட்கார்ந்து நான் சாப்பிட்டதே கிடையாது. யாருமே எங்களுக்காகக் காத்திருக்காத ஓர் ஊர் எனக்கு வேண்டும். போர்ச்சுகல் இல்லையென்றால் நிலாவென்று எழுதிக் கொடுங்கள்!"

மேனேஜர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "என் மனைவி அலெக்ஸாண்ட்ரியாவில் இருக்கிறாள்" என்றார் யாரையும் பார்க்காமல். பிறகு இம்தியாஸ் பாயிடம், "யல்லா, ஆகட்டும், போர்ச்சுகல் என்று எழுது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் இவர் கடற்கரை ரோட்டில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். இவர் தினமும் சாப்பிடுகிற இடம், எனக்கு முதல் தடவை. இங்கே சீலா மீனை மிளகாய் தடவிப் பொரித்துப் பெரிய தட்டில் சோற்றோடு வைக்கிறார்கள். முள் எடுத்து என் பக்கம் தள்ளினார். தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டு நின்றன.

"நீ இப்படி நெனச்சிட்டு இருந்தேன்னு எனக்குத் தெரியாதேட்டி" என்றார். "நீ டிராம் பாக்க ஆசப்படுதன்னுல்லா நெனச்சேன்."

"டிராமும் பாக்கணும்" என்றேன். அழக்கூடாது என்று மீனைத் தின்றேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். மூன்றாவது மணியில் மைனி எடுத்தார்.

"அக்கா, இந்த லீவுக்கு நான் ஊருக்கு வரல."

அந்தப்பக்கமிருந்து, "யாருக்குலே சுகமில்ல?"

"எல்லாரும் சுகம். நானும் லீமாவும் வெளிநாட்டுக்குப் போறோம். சுத்திப் பாக்க."

"யாரு யோசன இது? லீமாவா?"

இவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "இல்லக்கா. எனக்குத்தான் ஆச. அவ நிச்சயத்துக்குப் போவோம்னுதான் சொன்னா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்காக இந்த மனுஷன் சொன்ன முதல் பொய். தங்க வளையல் வாங்கித் தந்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

மைனி பெருமூச்சு விட்டார். திட்டப்போகிறார் என்று நான் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். "அட கோட்டிக்காரப் பயலே, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? மாப்பிள்ளப் பையன் கப்பல்லல்லா இருக்கான்! அவனுக்கு ஆகஸ்டுலதான் லீவு. உன் லீவுக்காகத்தான், மாப்பிள்ள போட்டோவ நாற்காலில வச்சு நிச்சயத்த நடத்திருவோம்னு அவங்க வீட்டுல கால்ல விழாத குறையாப் பேசி வச்சிருந்தேன். ஆன்சி நாலு நாளா என்கூடப் பேசல."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. போட்டோவுக்கு நிச்சயம்! மாமனுக்கு லீவு கிடைத்ததால்!

மைனி விடவில்லை. "நீ வாராய் வாராய்னு வருசா வருசம் எல்லாத்தையும் இழுத்து இழுத்துத்தானே வச்சோம். வீடு மந்திரிப்பு எட்டு மாசம் கெடந்துச்சு, கரன்டு பில்லு நாங்க கெட்டுனோம். சரி சரி, நல்லாப் போயிட்டு வா. ஆகஸ்டுல ஒன்ன வீடியோ கால்ல போட்டுருவோம். போற ஊருல மாதா கோயில் இருந்தா ஆன்சி பேருக்கு ஒரு மெழுகுதிரி."

"ஒரு மெழுகுதிரி. கலாஸ்" என்றார் இவர்.

போனை வைத்துவிட்டுக் கப்பல்கள் பக்கம் திரும்பினார். ஜெயித்த ஆள் மாதிரி இல்லை. "நாம அவங்களுக்காகப் போறோம்னு நாம நெனச்சோம்" என்றார். "அவங்க நமக்காகக் காத்திருக்கோம்னு நெனச்சிருக்காங்க. வீடியோ கால்ல போடுவாளாம் என்னிய." எனக்குப் பாவமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ரெண்டையும் எப்படிச் சேர்த்துச் சொல்வதென்று தெரியாமல் இன்னொரு மீன் சொன்னேன்.

வியாழக்கிழமை சான்டோஸ் பெண் கடிதத்தை வாங்கிக்கொண்டு, இவரிடம் வேண்டுமென்றே மறுபடி கேட்டாள்: "லீவுக்கு எங்கே சார்?" இவர் வாயைத் திறந்து, மூடி, என் காலைப் பார்த்துவிட்டு, "லிஸ்பன்" என்றார். கைதட்டினாள்.

விசா வந்த அன்றைக்கு இவர் கேம்பிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் நைலான் கயிறும் கொண்டுவந்தார். நான் பார்க்கும்போது பால்பவுடர் டின்னையும், டேங்க் ஜூஸ்பவுடர் பாட்டிலையும், ஒரு டஜன் சோப்பையும் அடுக்கி, நாலு பக்கமும் மார்க்கரில் தன் பேரை எழுதிக்கொண்டிருந்தார்.

"லிஸ்பன்ல இது யாருக்குங்க?"

யோசித்தார். "பால்பவுடர் நமக்கு. டீ போட."

"ஒரு டஜன் சோப்பு?"

"கை பழக்கம்ட்டி" என்று கயிற்றை அவிழ்த்தார். சோப்பு ரஹ்மத் லாத்தாவுக்குப் போனது. லாத்தா பதிலுக்கு ஒரு டப்பா வட்டிலப்பம், அவர்கள் ஊர் முட்டை இனிப்பு, கொடுத்து, "ஆளில்லாத ஊர்ல பசிச்சா என்ன செய்வீங்க?" என்று கண் கலங்கினார். வட்டிலப்பம் டெர்மினலைத் தாண்டவில்லை, கேட் முன்னால் உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாகத் தின்றுவிட்டோம்.

லிஸ்பனில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு வழியாக வெளியே வந்தோம். கம்பிக்கு அந்தப்பக்கம் கூட்டம். பலூன் வைத்திருந்தார்கள், பூ வைத்திருந்தார்கள், பேர் எழுதிய பலகை வைத்திருந்தார்கள். எங்கள் முன்னால் போன ஒரு கிழவரைப் பேத்திகள் ரெண்டு பேர் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். இவர் நின்றுவிட்டார். ஒவ்வொரு முகமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"யாரத் தேடுதீய?"

"ஒருத்தருமில்ல" என்றார். அப்புறம் மறுபடி சொன்னார், இந்தத் தடவை லேசாகச் சிரித்தபடி: "ஒருத்தருமே இல்லட்டி."

ஊரில் இந்நேரம் டிராலியை எங்கள் கையிலிருந்து யாராவது பிடுங்கியிருப்பார்கள். யார் வண்டி, யார் வீடு, யார் வீட்டில் சாப்பாடு, எல்லாம் எங்களைக் கேட்காமலே முடிவாகியிருக்கும். இங்கே டிராலி அப்படியே நின்றது. இடப்பக்கம் மெட்ரோவுக்கு அம்புக்குறி, வலப்பக்கம் டாக்ஸிக்கு அம்புக்குறி. ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எந்தப் பக்கம் போவோம் லீமா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு அவசரம் இல்லை. இவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.